அந்தச் சுவரில் அம்மா இல்லை

இன்று காலை ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெயிண்ட் வாடை. இரண்டு ஊழியர்கள் உன் ஓவியத்தின்மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வீணை போய்விட்டது, மயிலின் கழுத்து மட்டும் மிச்சம். நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உன்னைத் தகனம் செய்த அன்றும் இப்படித்தான். எல்லாரும் அழுதார்கள். நான் குடையை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குடியிருப்பாளர் குழு அந்தச் சுவரில் சிங்கப்பூரின் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு படம் வேண்டும் என்றபோது, குழுவில் இருந்த நான்தான் என் தோழி என்று உன் பெயரைச் சொன்னேன். வார நாள்களில் நீ பேருந்து வழித்தடப் படம் வரைபவள். சனி ஞாயிறுகளில் மனிதர்களை வரைபவள். என் அம்மா கொண்டோ குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல், ஒரு காலை மடக்கிப் பாதத்தை அமுக்கிக்கொண்டு உட்காருவாரே, அதை வரைந்தாய்.

"என்னைப் போய்ச் சுவர்லயா?" என்று அம்மா கூச்சப்பட்டார்.

"ஒரு சனத்தோட குணம் உடுப்புல இல்லம்மா. இப்படி உட்கார்றதுல இருக்கு" என்றாய்.

கூட்டத்தில் அந்தப் படத்தை மேசைமேல் விரித்தாய். இந்தியர் பகுதிக்குப் பொறுப்பானவர் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு லா. ஆனா பார்த்ததும் நம்ம ஆளுன்னு தெரிய வேணாமா? சேலை, பூ, ஒரு வீணை... ஆமா, யாரு இவங்க?"

நீ என்னைப் பார்த்தாய். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அந்த மேசையில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

"சும்மா ஒரு மாடல்" என்றேன். "மாத்திடலாம்."

நீ படத்தைச் சுருட்டினாய். மூன்று வாரத்தில் பட்டுச்சேலை, மல்லிகை, வீணை, மயில் எல்லாம் சுவருக்கு வந்துவிட்டன. கைதட்டினார்கள்.

திறப்பு நாளில் அம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு முறை பார்த்தார்.

"நான் எங்க பிள்ள?"

நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "உங்க முகம் எனக்குச் சரியா வரலம்மா. மன்னிச்சிருங்க."

அம்மா உன் கன்னத்தைத் தொட்டார். "அதுக்கென்ன, என் மூஞ்சி அப்படி" என்று சிரித்தார்.

அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. பல வருடம் தேக்கா மார்க்கெட்டில் சேர்ந்து சாப்பிட்டோம், படம் பார்த்தோம். நீ மட்டும் அதற்கப்புறம் ஒரு மனித முகமும் வரையவில்லை. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருமுறை பேச்சைத் தொடங்கினேன். "அந்தச் சுவர்..." என்றதுமே, "விடு லா, அந்த ஜூஸை எடு" என்றாய்.

நானும் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் நீ இல்லை.

இன்று சாயங்காலம் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு அந்த வெள்ளையடித்த சுவரைக் கடந்து வந்தார். கீரையை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "என் மூஞ்சி வரலேன்னுதான் அந்தப் பிள்ள வரையறதையே விட்டுடுச்சா?"

இத்தனை வருடமாக அதை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"இல்லம்மா" என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கீரையை அலசப் போனார். எனக்காக நீ சொன்ன பொய்யோடு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.