பின்னால் நீட்டிய கை

அடியே நாலாவது ஆளே,

பள்ளித் தொடர் ஓட்டத்தில் நான் குச்சியோடு பாதியில் உட்கார்ந்தது கால் சுளுக்கியதால் இல்லை. இரண்டு பனியன் போட்டு இறுக்கியும், கூட்டம் என் மார்பைப் பார்த்துத்தான் விசிலடித்தது. நீ கையைப் பின்னால் நீட்டியபடியே நின்றாய். அப்புறம் பதினெட்டு வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை.

மார்பின் பாரத்தால் வந்த தோள்வலிக்காக டாக்டரம்மாவிடம் போனேன். "சரியான அளவுல பிரா போட்டுப் பாருங்க, உடற்பயிற்சி பண்ணுங்க. அதுக்கும் வலி கேக்கலைன்னா ஆபரேஷன்ல குறைச்சிடலாம்" என்றார். முதல் இரண்டையும் ஒரு வருஷம் செய்து பார்த்துவிட்டேன். நேற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். வலிக்குமா என்று நான் கேட்கவில்லை.

"எப்ப ஓடலாம்?" என்றேன்.

"ரெண்டு மாசம் பொறுங்க."

அந்த ரெண்டு மாசம் முடிந்ததும் பழைய மைதானத்துக்கு வாடி. நம் கோட்டில், திரும்பிப் பார்க்காமல், கையை நீட்டி நில். குச்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

உன் மூன்றாவது ஆள்