கூரையைப் பற்றிக் கேளாதிருக்க இட்ட ஆணை

மழை பொய்யாதாகுக, கோல் கோடாதாகுக. வெண்கழி நாட்டுப் பெரும்பண்டாரம் காக்கும் அமைச்சர், செம்பியூர் கிழார் இளந்திரையனார் திருமுன், உவர்க்கூற்றத்துக் காவலன் செழுங்கோ வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் மாடமும் தழைக்க.

எம் கூற்றத்தில் இப்போது ஒரு வீட்டிலும் குறையில்லை என்று மகிழ்ந்து தாங்கள் விடுத்த பாராட்டோலை வந்தது. அது உண்மையன்று, அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நோய் உடலில் மட்டுமன்றி, ஒழுகும் கூரையிலும் எரியாத அடுப்பிலும் பிறக்கிறது என்று வேந்தர் கண்டது பேரறிவு. ஆகவே மருத்துவர் வீடுதோறும் சென்று அவற்றை வினவவும், வினவிய வீடொன்றுக்கு ஒரு படி நெல் கூலியாகப் பெறவும் ஆணை பிறந்தது. வினவுவதற்கு நெல் வைத்த ஆணை, வேய்வதற்கு ஒரு தென்னங்கீற்றும் வைக்கவில்லை.

உப்பளத்தில் உழைக்கும் கொற்றி என்பாள், முதலில் கேட்டபோது கண்கலங்கி யாவும் சொன்னாள். அவள் மகள் எயினிக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மருத்துவர் வேள்நம்பி நோயாளர் தங்கும் ஆதுலர் சாலையில் வைத்துத் தேற்றி அனுப்பினார். ஈரத் தரையில் படுத்த பிள்ளை மீண்டும் இருமிக்கொண்டு வந்தாள். அவர் மனம் பொறாது, மருந்தோலையில் கசாயத்துக்கும் சூரணத்துக்கும் மேலே கூரைக்குக் கீற்று என்று எழுதினார். கீற்று மருந்தன்று என்று தங்கள் பண்டாரம் திருப்பியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடான் என்று எம் மக்கள் பேசுவதை நான் தடுக்கவில்லை.

மார்கழியில் எயினி இறந்தாள். ஈமக்கடன் முடியுமுன் வேறொரு மருத்துவர், தம் முறை வந்ததென்று வாயிலில் நின்று, கூரை ஒழுகுகிறதா என வினவினார். கொற்றி அவரை ஏறிட்டும் பாராமல், “ஒழுகல, போயிட்டு வாங்க” என்றாளாம். அன்றுமுதல் உப்பளத்துக் குடிகள் யாவரும் அவ்விடையையே சொல்கின்றனர். அதைத்தான் தாங்கள் நலம் என்று படித்தீர்கள்.

கீற்று வேண்டிப் பலமுறை எழுதிக் களைத்தேன். இனி வேண்டேன், வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. தோப்புகள் பண்டாரத்துக்கு உரியவை. அவற்றில் ஓர் ஓலை வெட்டவும் காவலனுக்கு உரிமையில்லை. வருபவரை வாயிலில் நிறுத்தும் உரிமை மட்டும் உண்டு.

ஆதலால் ஆணை: கையில் கீற்றின்றி வரும் எவரும் இக்கூற்றத்தில் யாரிடமும் கூரையைப் பற்றிக் கேட்கலாகாது. கொற்றியின் வீட்டில் கீற்றோடு வந்தாலும் கேட்கலாகாது.

எம் கூற்றத்தின் நண்டு முத்திரை இட்டேன். இவ்வாணை நிற்பதாக.