லண்டன்காரன் வீட்டு ஆல்டன்ஷாக்கள்

ராக்லி, யார்க்ஷயர்
1955 பிப்ரவரி 20, ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள செலினா அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி திர்ஸா எழுதுவது. கனடாவில் உங்கள் எல்லாரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனா தயங்குகிறது.

உங்கள் தம்பி ஏனோக்குக்கு மூச்சு முன்னைவிட மோசம். கட்டிலில் சாய முடியவில்லை, நாற்காலியிலேயே கண்ணயர்கிறார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இனி படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். தம்பியின் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "நாப்பது வருஷம் நான் பஞ்சாலைக்குள்ள வேலை பாத்தேன் டாக்டர், இப்போ பஞ்சாலை எனக்குள்ள வேலை பாக்குது" என்றார். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் நகராட்சி ஆட்கள் வந்து, இந்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். பதிலுக்கு ஹாலிஃபாக்ஸில் ஒரு வீடு தருகிறார்கள். மூன்றாவது மாடி. படி ஏறக் கூடாத மனிதருக்கு மூன்றாவது மாடி என்றால், ஒருமுறை ஏறியபின் இறங்குவது ஒரே ஒருமுறைதான். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை.

இங்கே கீழே, ஜெபக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தரைவீடு காலியாக இருக்கிறது. உங்களுக்கு நினைவிருக்கும், ஆறு தரும வீடுகளின் கடைசி வீடு. மற்ற ஐந்தும் ஊர் ஏழைகள் யாருக்கும் உண்டு. அவற்றுக்கு வரிசையில் பதினாறு பேர் நிற்கிறார்கள். ஆறாவது மட்டும், அதைக் கட்டிவைத்த கம்பளி வியாபாரி ஆல்டன்ஷா எழுதி வைத்தபடி, இந்த ஊரில் பிறந்த, ஆல்டன்ஷா பேரும் ரத்தமும் உள்ள ஒருவருக்கு. அதில் இருந்த ஹெப்சிபா கிழவி இலையுதிர் காலத்தில் கர்த்தரிடம் போய்விட்டாள். இப்போது ராக்லியில் பிறந்து ராக்லியில் மிச்சமிருக்கிற ஆல்டன்ஷா உங்கள் தம்பி ஒருவர்தான். கேட்க வேண்டியதுதான், சாவி கிடைத்துவிடும் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா, அந்தத் தரும வீட்டுப் பதிவுப் புத்தகம் என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய கையெழுத்தைப் படிக்க ஊரில் வேறு ஆள் இல்லை என்று இருபது வருஷத்துக்கு முன் என்னிடம் தந்தார்கள். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள் நான். கல்லறைக் கற்களில் விரலை ஓட்டி எழுத்தெழுத்தாகக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து இந்தப் பேரின் கணக்கு என் நோட்டில் ஏறிக்கொண்டே வருகிறது. முதலில் ஒரே ஒரு பண்ணை. மலைச் சரிவில் ஆல்டர் மரத்தோப்பு. தோப்புக்கு நம் பக்கத்து வழக்கில் ஷா. அந்தத் தோப்புக்காரர்கள் ஆல்டன்ஷா ஆனார்கள். 1841-இல் அரசாங்கம் தலை எண்ணியபோது இந்தப் பேரில் மலையில் நூற்றுப் பதினெட்டுப் பேர், வெளியே ஆறு பேர். ஓடைக் கரையில் இருந்த சின்ன ஆலைகள் மூடி, கீழே ஊர்களில் பெரிய ஆலைகள் வந்தபின் எல்லாரும் வடிந்து இறங்கிவிட்டார்கள். நூலகத்தில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியல்களைப் பார்த்தேன். ஹாலிஃபாக்ஸில் அறுபத்தொரு ஆல்டன்ஷா, பர்ன்லியில் நாற்பத்து மூன்று. அமெரிக்க ஆலை ஊர் ஒன்றில் எவ்வளவோ, அங்கிருந்த போதகர் எழுதிய பட்டியலே இரண்டு பக்கம். மலையில் மட்டும் ஏனோக், அவர் பேரைப் போட்டுக்கொண்ட நான்.

இத்தனை வருஷத்தில் நம் வீட்டு வம்ச வரிசையை மட்டும் நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. தேவைப்படவில்லை. இப்போது தரும வீட்டு நிர்வாகிகள் அதைக் கேட்டார்கள். போன வாரம் பங்குக் கோயிலுக்குப் போய், பிறப்பும் கல்யாணமும் சாவும் எழுதிவைக்கிற ஏட்டைத் திறந்தேன்.

நம் வீட்டுக்கு ஊரில் என்ன பட்டப்பேர்? எல்லாரும் ஆல்டன்ஷா என்பதால் யாரையும் அந்தப் பேரால் கூப்பிட்ட வழக்கமே இல்லை அல்லவா. பில் மகன் ஜாக், ஜாக் மகன் டிக் என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மை மட்டும் 'லண்டன்காரன் வீடு' என்றார்கள். தாத்தா ஒருமுறை ரயிலேறி லண்டன் போனார், வண்டிச் சக்கரம் தொப்பியில் ஏறிவிட்டது, பயந்து மறுநாளே ஓடி வந்துவிட்டார் என்று மாமனார் கதை சொல்லுவார். நாமும் சிரித்திருக்கிறோம். அந்தப் பட்டப்பேர் ரயில் வருவதற்கு முன்பே ஏட்டில் இருக்கிறது, அக்கா. 1809-இல் ஒரு கல்யாணம். மணமகன் பேருக்கு நேரே இப்படி: "ஜேம்ஸ், ஆல்டன்ஷா என்று அழைக்கப்படுபவன், லண்டன் ஏழைப் பிள்ளைகளில் ஒருவன்."

ஆலை வேலைக்காக லண்டன் ஏழை விடுதிகளிலிருந்து சின்னப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த காலம் அது. வந்து இறங்கியபோது இவனுக்கு வயது ஏழு இருந்திருக்கும். பண்ணைக்காரர் ஆல்டன்ஷா எடுத்து வளர்த்திருக்கிறார், தன் பேரைக் கொடுத்திருக்கிறார். அந்த ஜேம்ஸ் என்கிற ஜிம்தான் உங்கள் தாத்தாவின் தாத்தா. மூன்றுமுறை படித்தேன். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி மறுபடியும் படித்தேன். பேர் உண்டு, ரத்தம் இல்லை.

இந்த வார்த்தையை நான் முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே வீடு காலியானபோது வின்னி ஆல்டன்ஷா கேட்டாள். நம்முடன் ஆலையில் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவள் தாத்தா, ரயில் பாதை வெட்ட வந்து காலராவில் செத்துப்போன கூலிக்காரரின் பிள்ளை. ஆல்டன்ஷா வீட்டில் வளர்ந்து பேர் பெற்றவர். நான்தான் ஏட்டைப் பார்த்து நிர்வாகிகள் புத்தகத்தில் எழுதினேன்: பேர் மட்டும், ரத்தம் இல்லை. வீடு ஹெப்சிபாவுக்குப் போயிற்று. வின்னி நகரத்து முதியோர் விடுதிக்குப் போனாள். ஒரு கூடத்தில் முப்பது கட்டில். கிறிஸ்மஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போவேன். வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நிர்வாகிகளுக்கு ஏடு கட்டாயம் இல்லை. குடும்பத்தில் மூத்தவர், "நாங்கள் ஆல்டன்ஷா ரத்தம்" என்று ஒப்பமிட்டுக் கொடுத்தாலும் போதும். மூத்தவர் நீங்கள். படிவத்தை உங்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். இதனுடன் வைத்திருக்கிறேன். ஒப்பமிடுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வேண்டாம் என்று எழுதவும் வரவில்லை. பக்கத்து அறையில் அவர் இருமிக்கொண்டிருக்கிறார். நீங்களே ஜெபித்துச் செய்யுங்கள். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்
திர்ஸா


ராக்லி
1955 மார்ச் 27, ஞாயிறு

அன்புள்ள செலினா அக்காவுக்கு,

உங்கள் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் ஒப்பமிட்ட படிவம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கூடவே நீங்கள் எழுதியதையும் படித்தேன். "எங்கப்பா சொன்னதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவரு பொய் சொல்ற ஆளில்ல. நீ கொஞ்ச நாளைக்கு அந்தக் கண்ணாடியைக் கழட்டி வை." ஏனோக்குக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் இருமலே வந்துவிட்டது. ஏட்டில் இருப்பதை அதுவரை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை. அது என் தப்பு.

வியாழக்கிழமை நிர்வாகிகள் கூட்டம். படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கொடுத்துவிடுவது என்றுதான் போனேன், அக்கா. உங்களிடம் மறைக்க மாட்டேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், தலைவர் கறிக்கடை கிரீன்வுட். வழக்கம்போலப் பதிவுப் புத்தகத்தை விரித்து முந்தைய மனுக்களைப் படிக்கச் சொன்னார். அது முறை, ஒவ்வொரு தடவையும் நான்தான் படிப்பேன். முந்தைய மனு வின்னியுடையது. என் கையெழுத்தில் என் வார்த்தையை நானே உரக்கப் படித்தேன். படித்து முடித்தபின் படிவத்தை எடுக்கக் கை பைக்குள் போகவில்லை.

ஏட்டில் இருந்ததைச் சொன்னேன். பிறகு கிரீன்வுட், "உன்னை யாரும்மா கேட்டா? பேரு இருக்கு, ஆளு இருக்கு, வீடு காலியா இருக்கு. வாயை மூடிட்டுச் சாவியை வாங்கிட்டுப் போவியா, ஏட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே!" என்றார். வின்னிக்கும் பேர் இருந்தது என்றேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

நோட்டையும் விரித்துக் காட்டினேன். இந்த மலையில் பண்ணைக்காரரின் சொந்த ரத்தத்தில் பேரோடு கடைசியாக இருந்தவள் ஹெப்சிபா. இங்கே மற்ற ரத்தமெல்லாம் பெண் பிள்ளைகள் வழியே வேறு வேறு பேருக்குள் போய்விட்டது. கிரீன்வுட்டின் தாய்வழிப் பாட்டியே அப்படிப்பட்ட ஆல்டன்ஷாதான். கேட்டதும் அவர், "அப்போ கடையை மூடிட்டு நானே அந்த வீட்டுக்குப் போயிடலாம் போலிருக்கே! என் பெண்டாட்டி சந்தோஷப்படுவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் இளகியது.

ஹாலிஃபாக்ஸ், பர்ன்லி பட்டியல்களையும் வரிசை பிடித்துப் பார்த்திருந்தேன். நூற்று நான்கு பேரில் எழுபத்திரண்டு பேர் லண்டன் ஜிம்மின் வழி. அவனுக்குப் பதினான்கு பிள்ளைகள் பிறந்து பதினொன்று தங்கின. அந்த அநாதைப் பிள்ளையைப் பண்ணைக்காரர் கைபிடித்து உள்ளே அழைக்காமல் இருந்திருந்தால், இந்தப் பேர் இன்றைக்குக் கல்லறைக் கற்களில்தான் பாதிக்கு மேல் இருந்திருக்கும். இதை நான் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இந்த ஊரில் பிறந்து அந்தப் பேரோடு இருந்தால் போதும் என்று முடிவெழுதினார்கள்.

அப்படியானால் ஏனோக், வின்னி இரண்டு பேருக்கும் உரிமை. வீடு ஒன்று. மனு வந்த வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதையும் நான்தான் படித்துக் காட்டினேன். வின்னியின் மனு பதினொரு வருஷம் முந்தியது. கிரீன்வுட் என்னை வாசல்வரை வந்து பிடித்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, திர்ஸா. அந்தப் படிவத்தை என் கையில கொடு. ரத்தமும் இருக்குன்னு ஆயிட்டா, வியாபாரி எழுதி வச்சபடி ஏனோக்தான் முதல்ல" என்றார். நல்ல மனிதர். படிவத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். உங்கள் கையெழுத்தை எரித்ததற்கு என்னை மன்னியுங்கள்.

நேற்று வின்னி வந்து சேர்ந்தாள். ஒரு அட்டைப் பெட்டி, ஒரு குடை, அவ்வளவுதான். அடுப்பு மூட்டி வைத்திருந்தேன். கதவருகே நின்று சுற்றிலும் பார்த்தாள். "பதினோரு வருஷம் ஆச்சு உன் கண்ணு திறக்க. எனக்குக் காலே போயிடுச்சு" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம், "நீயும் ஒரு டீ குடிச்சிட்டுப் போ, நின்னுகிட்டே இருக்காத" என்றாள். குடித்தேன்.

இனி வீட்டு விஷயம். வியாழக்கிழமை திரும்பி வந்து ஏனோக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு போனதற்கு அவர் கோபப்படவில்லை. வின்னிக்குக் கிடைத்ததில் தப்பில்லை என்றுகூடச் சொன்னார். ஏட்டில் இருந்ததைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. மலையில் கடைசி ஆல்டன்ஷா நான்தான் என்று மதுக்கடையில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பார்! "வீட்டை விடு. என் பேரையும் சேர்த்துப் பிடுங்கிட்டியேடி" என்றார். நாலு நாளாக அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறார். போர்வையை இழுத்துவிட்டால் சும்மா இருக்கிறார். ஜிம்முக்கும் இது பேர்தான், கொடுத்தவர் மனமறிந்து கொடுத்தார், திருடியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லி அவர் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஹாலிஃபாக்ஸ் போகிறோம். கிரீன்வுட்டின் இரண்டு மகன்கள் ஏனோக்கை நாற்காலியோடு தூக்கி மாடியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலிலிருந்து மலை தெரியுமாம். நம் பக்கத்து மலையா என்று கேட்கவில்லை.

அக்கா, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அவருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். நாலு வரி போதும். சின்ன வயதில் அவரைத் தூக்கிச் சுமந்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். அவர் ஆல்டன்ஷாதான் என்று எழுதுங்கள். உறையின் மேல் முழுப்பேரையும் பெரிதாக எழுதுங்கள். தபால்காரர் படித்துக் கூப்பிடும்போது அவர் காதில் விழட்டும்.

அடுத்த வருஷக் கோடையில் ஊருக்கு வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். வர முடியுமானால் கோடை வரைக்கும், அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கடல் இப்போது அவ்வளவு கொந்தளிப்பு இல்லை என்று சொல்கிறார்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாகவும், சீக்கிரமாகவும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
திர்ஸா ஆல்டன்ஷா