ஜன்னலுக்கு நேரே ஒரு ஸ்கிப்

அன்பு மகள் நெஸ்டாவுக்கு அம்மா ஓல்வென் எழுதிக்கொள்வது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய், குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே தூக்காதே. இங்கே மலை தெரிந்து நாளாகிறது, தெருவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மேகம்தான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ அதற்குத்தான் காத்திருப்பாய். இடுப்பு எலும்பு ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மனுஷன் எழுந்து உட்காரவே மாட்டேன் என்கிறார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், லீக் தண்டு போட்ட சூப்பை நானே செய்து கொண்டுபோனாலும் ரெண்டு கரண்டியோடு சரி. நர்ஸ் ஷான் கெட்டிக்காரப் பெண், அவளே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இப்படியே கிடந்தால் பிறகு எழுந்திருக்கவே முடியாமல் போய்விடும் என்று சொன்னாள். எனக்கு அன்று பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வீட்டுக்கு அனுப்ப அவர்கள் கேட்பது ரெண்டே விஷயம். மாடியேறாமல் கீழேயே படுக்கை போட்டிருக்க வேண்டும், அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டு கதவு வரைக்கும் நடந்து காட்ட வேண்டும். முதலாவது என் கையில், ரெண்டாவது அவர் காலில்.

கீழே என்றால் முன்னறை. அந்த அறையில் படுக்கை எங்கே போடுவது, நீயே சொல். ஊரில் எவன் வீட்டு வாசலில் வேண்டாத சாமான் கொட்ட ஸ்கிப் வந்து இறங்கினாலும் அந்த இரும்புத் தொட்டியைச் சுற்றி ஒரு நடை போய், கதவைத் தட்டி, "இது வேணாமா, நான் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டு எதையாவது தூக்கிக்கொண்டு வருவதுதானே உன் அப்பாவின் பிழைப்பு. முடிவெட்டுகிறவரின் நாற்காலி, பாதி அக்கார்டியன், சேப்பலில் பாட்டு எண் மாட்டுகிற பலகை, பஞ்சடைத்த ஒற்றைக்கண் மீன், எல்லாம் அங்கேதான். அதனால் நானும் துணிந்து வாடகைக்கு ஒரு ஸ்கிப் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. மற்றவர் ஸ்கிப்பையெல்லாம் காலி செய்தவர் வீட்டுக்கே ஸ்கிப் வருகிறது என்று தெருவே சிரிக்கிறது.

அதை வரவழைப்பது இத்தனை பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது. போனில் பேசிய பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ரோட்டிலா உங்கள் இடத்திலா, ரோட்டில் என்றால் கவுன்சில் அனுமதி, ராத்திரிக்கு விளக்கு. எங்கள் இடத்திலேயே என்றேன். லாரி பின்பக்கமாக நுழைய வழி உண்டா, மேலே கம்பி போகிறதா என்றாள். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு குடையோடு போய் அளந்தேன், கேட்டைக் கழற்றினால் நுழையும். தரைக்கல் உடையாமல் இருக்க அடியில் பலகை போடச் சொன்னாள், அப்பாவின் பலகைகளுக்கு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது. ரோஜாச் செடியைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். ஃபிரிட்ஜ், டயர், பெயிண்ட் போடக்கூடாது, விளிம்புக்கு மேலே குவித்தால் டிரைவர் தூக்கமாட்டார். எனக்கு இதெல்லாம் கேட்கக் கேட்க ஆசையாகிவிட்டது, சங்கிலியில் தொங்கிக்கொண்டு அது எப்படி இறங்கும் என்று பார்க்கவே காத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஹேடனிடம் வேனை நகர்த்தச் சொல்லப் போனேன், கூடவே அப்பாவிடம் மூச்சு விடாதே என்றும் சொன்னேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவன் பேச ஒன்றும் கிடைக்காமல், "எம்லின், நம்ம தெருவுக்கு ஸ்கிப் வருதுடா" என்று உளறிவிட்டான். அப்பா சுவரிலிருந்து திரும்பிவிட்டாராம். "யாரு வீட்டுக்குடா?" என்றாராம். ஹேடனுக்கு வியர்த்துவிட்டது, "எனக்கென்ன தெரியும், எவனோ அளந்துட்டுப் போனானாம்" என்று சமாளித்திருக்கிறான். உன் அப்பா விடுவாரா. பெருசா சின்னதா, மூடி உண்டா, எத்தனை நாள் இருக்கும் என்று துளைத்திருக்கிறார். ஒரு வாரம்தான் என்றதும், "அந்த கெரத் கண்ணுல பட்டா நல்லதையெல்லாம் அவன் அள்ளிடுவான்டா" என்று தன் பழைய போட்டியாளை நினைத்து முனகினாராம். சாயங்காலம் ஷான் போன் செய்து, "என்னம்மா சொல்லிவிட்டீங்க, நேத்து வரைக்கும் ஒக்காரமாட்டேன்னவரு வாக்கரைக் கொண்டான்னு அதட்டுறாரு, இன்னும் கதவு வரைக்கும் போகலை, ஆனா பாதி தூரம் நடந்துட்டாரு" என்றாள். நான் போனை வைத்துவிட்டு ஹேடன் வீட்டுக்கு ஒரு தட்டு வெல்ஷ் கேக் கொண்டுபோனேன். திட்டத்தான் போனேன், முடியவில்லை.

ஹேடன் இப்போது பயப்படுகிறான். "வந்து பாத்தா அவன் சாமான்தான் அதுல கெடக்கும், மனசு ஒடஞ்சுடாதா ஓல்வென்" என்றான். நானும் அதைத்தான் யோசித்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளைக் காலை ஸ்கிப் வந்ததும் ஊறிப்போன கம்பளம், உளுத்த பலகை, உடைந்த ஓடு எல்லாம் அடியில் போகும். நாற்காலி, அக்கார்டியன், மீன் எல்லாம் மேலே, தார்ப்பாயின் கீழே நனையாமல், கை எட்டுகிற இடத்தில். வழக்கமாக ஸ்கிப் வந்தால் விடிவதற்குள் எவனாவது தன் வீட்டுப் பழைய மெத்தையைப் போட்டுவிடுவான் என்று காவல் காப்போம், நான் மட்டும் வீடு வீடாகப் போய், மெத்தை வேண்டாம், எடுக்கத் தோன்றுகிற மாதிரி ஒன்று போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கெரத் தன் பழைய ரேடியோவைத் தருகிறானாம், ஆனால் உள்ளே என்ன கோளாறு என்று சொல்லமாட்டானாம். அப்பாவின் கட்டிலை ஜன்னலுக்கு நேரே போடுகிறேன். முதலில் எதை எடுப்பார் என்பதில்தான் எனக்கு இப்போது தூக்கம் வரவில்லை, நாற்காலி என்று ஹேடன் சொல்கிறான், மீன் என்று நான் சொல்கிறேன். பாதியை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுவார், தெரியும். கொண்டுவரட்டும் நெஸ்டா. ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து வாசல் வரைக்கும் நடந்து போய் நடந்து வந்தாக வேண்டும்.

குட்டிக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து கேட்டால், அது யார் வீட்டு ஸ்கிப் என்று உனக்குத் தெரியாது.

கழற்றிய கேட்டோடு காத்திருக்கும்
உன் அம்மா,
ஓல்வென்