மாலதி பார்டர்

திங்கள், 7
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கடைக்குப் பத்து நிமிடம் தாமதம். கம்ப்யூட்டரில் மாங்காய் புட்டா டிசைன் திருத்தம் பாக்கி.

மதியம் சாப்பிடும்போது சேல்ஸ்மேன் சேகர் போனை நீட்டினான். ஏதோ யூடியூப் சேனல். ஒரு கட்சிப் பிரமுகரின் காரிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கீழே சிவப்பில், 'யார் இந்த மர்மப் பெண்?'

சாம்பல் நிறப் பட்டு. அரக்குக் கரை. கரையில் பாகற்கொடி. நான் வரைந்தது. ஒரே ஒரு புடவைதான் நெய்தோம், என் கல்லூரித் தோழிக்காக.

"ஐயோ, நம்ம மாலதி பார்டர்!"

சந்தோஷமாகச் சொன்னேன். அதுதான் தாங்கவில்லை.

"எந்த மாலதிக்கா? செவிலிமேடு டீச்சரம்மாவா?"

செவ்வாய், 8
மழை இல்லை. சேகரிடம் கெஞ்சினேன். "நான் யாராண்ட சொல்லப்போறேன், போக்கா." முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வியாழன், 10
இரண்டாவது வீடியோ. 'காட்டிக்கொடுத்த காஞ்சிப் பட்டு!' இந்த முறை முகம், பெயர், பள்ளி, கணவர் இறந்தது, எல்லாம். அந்தப் பிரமுகருக்கும் மனைவி இல்லை, இவளுக்கும் கணவர் இல்லை. யாருக்கு என்ன கெட்டுப்போனது? கீழே கமெண்ட்டில் எழுதியிருந்தவற்றைப் படித்திருக்கக் கூடாது.
அவர் பேட்டி: "தெரிஞ்சவங்க, அவ்வளவுதான்."

வாங்க: து. பருப்பு, ஊதுபத்தி, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

சனி, 12
மாலதி வீடு. பள்ளியில் லீவு போடச் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டலிலிருக்கும் மகள் போனை எடுப்பதில்லை.
"நான்தான்டி சொன்னேன். வாய் தவறி."
"தெரியும்டி. அந்தக் கொடிய உன்ன விட்டா யாருக்கு அடையாளம் தெரியும்?"
காபி கொடுத்தாள். நான்தான் அழுதேன். சுற்றுச்சுவரில் பாகற்காய்கள் பறிக்காமல் பழுத்து வெடித்திருந்தன.
திரும்பியதும் கடைக்குப் போய் கம்ப்யூட்டரில் அந்த பார்டர் ஃபைலை அழித்தேன்.

திங்கள், 14
நல்ல வெயில். முதலாளி கூப்பிட்டார். அந்த பார்டர் வேண்டுமென்று மூன்று பேர் வந்தார்களாம். ஃபைல் இல்லை சார் என்றேன்.
"ஃபைல் போனா இன்னாம்மா? அந்த டிசைனுக்கு ஓட்ட போட்ட அட்டைங்க தறியாண்ட தொங்கிக்கினுதான இருக்குது. அஞ்சு கலர் போடுவோம்."
வேறு பெயராவது வைக்கலாமே என்றேன்.
"வேற பேரு சொன்னா யாருக்குத் தெரியும்? மாலதி பார்டர்னுதான் கேக்கறாங்க. நீ வச்ச பேருதானேம்மா."