நான் தைத்த கட்டு

அன்புள்ள மகளே,

நான் சுகமாக இருக்கிறேன், அம்மாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும், அங்கே குளிர் அதிகம் என்றாய், குழந்தைக்குக் காதை மூடிவிடு. போனில் பேசினால் பக்கத்தில் அம்மா இருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன். தபால் சமயத்துக்கு வந்து சேராது, எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அம்மாவின் கால் விரல்களை எடுப்பதா விடுவதா என்று வியாழக்கிழமை டாக்டர்கள் சொல்வார்கள். அதற்குள் உனக்கு ஒரு உண்மை தெரிந்தாக வேண்டும்.

துணி உலர்த்திவிட்டு மாடிப்படியில் இறங்கும்போது அம்மா கணுக்காலை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். காலையில் போனோம், மத்தியானம் தகடு வைத்து ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போதெல்லாம் அப்படித்தானாம். காலுக்குப் பின்பக்கம் பாதி மாவுக்கட்டு, மேலே துணிக்கட்டு. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கட்டைத் தொடக் கூடாது, விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. நான் அதன் பின்பக்கத்தில் ஒருவருடைய சட்டை அளவை எழுதிக் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன். கையில் கிடைக்கிற தாளில் அளவு எழுதியே பழக்கம், உன் மார்க் தாளிலேயே எழுதி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தானே நான். மூன்றாம் நாள் கட்டு தளர்ந்து நழுவியது, முனை தொங்கியது. அளவு தெரியாதவன் தைத்த சட்டை மாதிரி அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முழுக்க அவிழ்த்து, இழுத்துப் பிடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றினேன். முனையைப் பிடிக்கும் கொக்கி நிற்கவில்லை என்று ஊசியை எடுத்து மேலிருந்து கீழ்வரை இரட்டை நூலில் தைத்துவிட்டேன். இறுக்கமா இருக்குதுங்க என்றாள். இறுக்கமா இருந்தாதான் எலும்பு கூடும் என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்.

உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, என் கட்டு இடம் கொடுக்கவில்லை. அன்று முழுக்க முனகினாள். ஆபரேஷன் பண்ணினா வலிக்காதா என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து விசாரித்தாள், அவளிடமும் நல்லா இருக்காங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தால், வலியே இல்லீங்க, மரத்துப்போச்சு என்றாள் அம்மா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் சில்லென்று இருந்தன. எதிர்வீட்டு வேன்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் கட்டின் முனையைத் தேடினார், கிடைக்கவில்லை. கத்தரி வைத்தார், தையல் சீக்கிரம் விடவில்லை. யாரும்மா இதைத் தைச்சது என்று கோபமாகக் கேட்டார். அம்மா உடனே, நான்தான் டாக்டர், இவர் கடைக்குப் போனப்ப நானே தைச்சுக்கிட்டேன் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவளுக்குத் திட்டு விழுந்தது, தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்போதே உள்ளே கொண்டுபோய், வீக்கத்தின் அழுத்தம் குறையக் காலை இரண்டு பக்கமும் கீறித் திறந்துவிட்டார்கள். சதை கொஞ்சம் செத்துவிட்டதாம், பாதத்தைத் தூக்க முடியவில்லை. மூன்று விரல் கறுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை, போர்வை மடிப்பது எப்படி என்று நர்ஸுகளுக்கு வகுப்பு எடுக்கிறாள், நான் வராந்தாவில் போய் அழுதுவிட்டு வருகிறேன். நேற்று டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னேன். யார் தைச்சா என்ன ஐயா, கால் ஒன்னுதானே என்றார். ஆனால் உனக்கும் அவள் அதே பொய்யைத்தான் சொன்னாள், நீயும் நம்பி ஞாயிற்றுக்கிழமை போனில் அவளைப் பிடி பிடியென்று பிடித்தாய். உன் முட்டாள்தனத்துக்கு அப்பா ஏம்மா கஷ்டப்படணும் என்றாய். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சரிடி, இனிமே பண்ணல என்று அவள் போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என்மேல வந்த கோவம் அவளுக்கு ரெண்டு நாள்ல போயிடும், உங்கமேல வந்தா போகாது என்றாள்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதுதான் எப்போதும் என் ஆசீர்வாதம். வியாழக்கிழமைக்கு முன்னால் அம்மாவிடம் பேசு, திட்டினதுக்கு மன்னிப்புக் கேள், மறந்துவிடாதே. நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்பதையும் நீயே சொல்லிவிடு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம்.

அம்மாவின் கட்டில் பக்கத்திலிருந்து,
அப்பா