மாவுச்சட்டி மேல் இருந்தவர்

என் அருமை மதினிக்கு, துண்டுக்கடைக் கொழுந்தன் கும்பிட்டு எழுதுவது.

கும்பிட்டு எழுதினாலும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று தென்காசி வீட்டில் உங்களுக்குப் படையல் போட்டோம். அங்கே நடந்த கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சுக்கும் கொடுக்கிறேன். உங்கள் மகன் கார்த்தியும் படிக்கட்டும்.

முதலில் குற்றாலத்துச் செய்தி. இந்த வருஷம் சாரல் பிந்திவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நான் மெயின் அருவிப் பக்கம் கடையைத் திறந்து முதல் துண்டை உதறிக் கொடியில் போட்டேன். அன்று மத்தியானமே மலையில் மேகம் இறங்கிவிட்டது. யார் நம்புகிறார்கள்? நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். ஆனால் சிரித்திருப்பீர்கள்.

"நான் கடை திறக்கலேன்னா குத்தாலத்துல சீசனே கிடையாது மதினி" என்று நான் சொல்லும்போதெல்லாம், தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒரே கேள்விதான் கேட்பீர்கள்.

"அந்த நான்ங்கிறவரு எங்கன இருக்காரு கொழுந்தப்பிள்ளே? ஒரு நாளு கூட்டிட்டு வாரும். காப்பி போட்டுக் குடுப்போம்."

நானும் விளையாட்டாகத் தேடிப் பார்த்தேன். பிறகு விளையாட்டு இல்லாமலும் தேடிப் பார்த்தேன். ஆள் அகப்படவில்லை. அவருக்காகப் போட்ட காப்பியை எல்லாம் நான்தான் குடித்தேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். என் மதினி கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் கூட்டுக்காரிகளோடு பௌர்ணமிதோறும் பூத்தட்டு ஏந்தி விகாரைக்குப் போனவர். அங்கிருந்த பெரிய பிக்கு இவருடைய அறிவைப் பார்த்து அசந்துபோய், தம் கையாலேயே ஒரு சின்னக் கல் புத்தரைக் கொடுத்து அனுப்பினார் என்று நான் தென்காசி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். "எங்க அய்யா பஸ் ஸ்டாண்டுல வாங்கிக் குடுத்தது" என்று சொல்லி நீங்கள்தான் ஒவ்வொரு தடவையும் காரியத்தைக் கெடுப்பீர்கள்.

உள்ளங்கை அளவு புத்தர். அவரைப் பூஜை அலமாரியில் வைக்கவில்லை நீங்கள். பூனை தட்டிவிடாமல் இருக்க மாவுச்சட்டி மூடிமேல் வைத்தீர்கள். நானே பதறிப்போய்க் கேட்டேன். "அடுப்படியில ஒரு ஆளு சும்மா உக்காந்திருந்தா எப்படி? அவருக்கும் ஒரு சோலி வேண்டாமா?" என்றீர்கள்.

பௌர்ணமியன்று, விகாரைக்குப் போன நாள் பழக்கத்தில், நீங்கள் வெள்ளைச் சேலை கட்டியதும் தெருவே கொதித்தது. புருஷன் உயிரோடு இருக்கையில் இதென்ன கோலம் என்று பெரிய அத்தை வாசலில் வந்து குதித்தாள். அண்ணன் வெளியே வந்து, "நான்தான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேனே அத்தை. அவ கட்டிட்டுப் போறா" என்றார். அடுத்த மாதம் அவரே கடைக்குப் போய்க் கரை இல்லாத வெள்ளைச் சேலை வாங்கி வந்தார். அந்த மனுஷனைத்தான் இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஒரு வருஷமாக அண்ணன் பேசுவதில்லை. கேட்டால் தலையை ஆட்டுவார். அரைத் தோசையோடு எழுந்துவிடுவார். இலஞ்சியிலிருந்து என் வீட்டுக்காரி மாவரைத்துக் கொண்டுவந்து உங்கள் சட்டியில் ஊற்றி வைப்பாள். சாயங்காலமானால் அண்ணன் அடுப்படிக்குப் போவார். புத்தரைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பார். மூடியைத் திறந்து மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். மூடிவிட்டு மறுபடியும் புத்தரை வைப்பார். இந்த ஒரு வேலைக்காகத்தான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

வந்த சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உங்கள் பேச்சையே கம்பாக்கி அவரை அடித்தார்கள். "எதுவும் நெலைக்காதுன்னு அவளே சொல்லுவாள்லா. பொறவு எதுக்கு இப்படி இருக்கீரு?" என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கேட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எதிர்வீட்டுக்காரி பிள்ளையைப் பறிகொடுத்தபோது நீங்கள் அவளுக்கு நிலையாமையைப் பற்றி வாயைத் திறந்தீர்களா? கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவள் குடித்தபிறகு பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். இவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லையா?

சரி, கார்த்தி கதைக்கு வருகிறேன். துபாயிலிருந்து படையலுக்கு வந்தவன், ஒரு மினிலாரியோடு வந்தான். லாரியில் என்னைவிட உயரமாக ஒரு பைபர் புத்தர். நான் எவ்வளவு உயரம் என்று குற்றாலத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரை நடு ஹாலில் நிறுத்தி, ஒயரைச் சொருகி, மோட்டாரைப் போட்டான். தோளிலிருந்து காலடித் தொட்டிக்குத் தண்ணீர் கொட்டியது.

"அம்மா புத்தர் ஆளுல்லா சித்தப்பா. அம்மா நெனவா இருக்கட்டும்."

"ஏலே, குத்தாலத்துல இருக்கிற அருவி உனக்குப் பத்தலையா? அவரு தோள்ல வேற ஒண்ணத் தொறந்து விட்டிருக்க."

"லைட்டு கலர் கலரா மாறும் சித்தப்பா."

"அவரு கண்ண மூடிட்டு இருக்காரு. யாருக்குலே கலரு?"

வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். உங்கள் படம் ஓரத்தில் மாலையோடு இருந்தது. மோட்டார் ஓயாமல் இரைந்தது. அண்ணன் அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்துச் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. மாவுச்சட்டி மேலிருந்த உங்கள் புத்தரை எடுத்து, ஷாம்பு போட்டுக் கழுவி, கண்ணாடி ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அம்மா பொருள் தொலைந்துவிடக் கூடாதாம்.

இலை போட்டு எல்லாரும் உட்காரும் நேரம். அண்ணன் அடுப்படிக்குப் போனார். வெறும் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஹாலுக்கு வந்து அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"இங்கன இருந்தவரு எங்கலே?"

ஒரு வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது. கார்த்தி ஷோகேஸைக் காட்டினான். அண்ணன் பார்த்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். இலையில் கை வைக்கவில்லை. உங்கள் படையல் சோற்றை, மதினி, உங்கள் புருஷன் தொடவில்லை.

நான் குத்துவிளக்கைத் தூக்கிவிட்டேன். ஷோகேஸையும் உடைத்து, அந்தப் பெரிய அருவியையும் சேர்த்து உடைத்துவிடுவது என்று முடிவு. நாலு பேர் என்னைப் பிடித்தார்கள், நாலு பேராலும் முடியவில்லை. அப்போதுதான் அடுப்படிச் சுவரில் உங்கள் சுளவு, அரிசி புடைக்கிற முறம், கண்ணில் பட்டது.

ஞாபகம் இருக்கிறதா? என் கடைக்கு முன்னால் ஒருத்தன் தள்ளுவண்டியைப் போட்டு மறைத்தான். அவன் மண்டையைப் பிளக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தேன். நீங்கள் அந்தச் சுளவு நிறையச் சின்ன உள்ளியை, வெளியூர்க்காரர்கள் பாஷையில் சின்ன வெங்காயத்தை, போட்டு என் முன்னால் தள்ளினீர்கள்.

"கொலை பண்ணப் போறவன உள்ளி உரிக்கச் சொல்லுதியளே மதினி."

"கொலைக்கு என்ன அவசரம்? கோவத்த விடவும் வேண்டாம். மடியில வச்சுக்கிட்டே உரியும். ஆனா கண்ணு கையில இருக்கட்டும். இந்த உள்ளி, இந்தத் தோலு. அவ்வளவுதான்."

சுளவு முடிந்தபோது கோபம் போய்விடவில்லை. ஆனால் மடியை விட்டு இறங்கி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று முதல் தென்காசி வட்டாரத்தில் என்னைப்போல் உள்ளி உரிக்க ஆள் கிடையாது.

நேற்று விளக்கைக் கீழே வைத்தேன். சுளவை எடுத்து உள்ளியைக் கொட்டினேன். கார்த்தி முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"உரிலே."

"இப்பவா சித்தப்பா?"

"இப்பதான்."

ஜீன்ஸோடு சம்மணம் போட முடியாமல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் உரித்தான். "பரீட்சைல பெயிலாப் போனப்ப அம்மா என்னையும் இப்படித்தான் உக்கார வச்சா" என்றான். பிறகு, "கண்ணு எரியுது" என்றான். எரியட்டும் என்றேன்.

"நான் வந்து சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா சித்தப்பா. அம்மா மொகத்தக்கூடப் பாக்கல. அதான், பெருசா எதாவது செய்யணும்னு."

எனக்குப் பதில் வரவில்லை மதினி. எனக்கு. இந்தச் செல்லையாவுக்கு. நான் இன்னொரு உள்ளியை எடுத்தேன்.

அவன் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினான். சாவியை எடுத்து ஷோகேஸைத் திறந்தான். சின்னவரைக் கொண்டுபோய் அண்ணன் கையில் வைத்தான். அண்ணன் அவரை மோந்து பார்த்து ஷாம்பு வாடைக்கு முகத்தைச் சுளித்தார். மூன்று பேரும் அடுப்படிக்குப் போனோம். அண்ணன் மூடியைத் திறந்து மாவைப் பார்த்தார்.

"புளிச்சிட்டு" என்றார். "தோசை ஊத்துலே."

துபாயில் ஏசி ரூமில் உட்காருகிறவன் உங்கள் கரண்டியைப் பிடித்துத் தோசை ஊற்றினான். ஒன்றும் வட்டமாக வரவில்லை. அண்ணன் சாப்பிட்டார். எத்தனை சாப்பிட்டார் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயம்.

பெரியவருக்கும் ஒரு சோலி கொடுத்துவிட்டோம். பின்வாசலில் கொண்டுபோய் வைத்தாயிற்று. காக்கை குருவி அவர் காலடித் தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. லைட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. இவ்வளவும் சொல்லிக் கொடுத்தவர், நீங்கள் போனபிறகு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒரு வருஷம் அந்த மனுஷன் பட்டினி கிடந்திருப்பாரா? அல்லது, சொல்லித்தான் இருந்தீர்களா? எனக்குத்தான் காதில் ஏறவில்லையா? எழுதும்போதும் கோபம் இருக்கிறது மதினி. எதிரேதான் உட்கார்ந்திருக்கிறது.

கார்த்தி அடுத்த வாரம் கிளம்புகிறான். இனி சாயங்காலம் கடையைச் சாத்தியதும், சீசனே ஆனாலும், நான் தென்காசிக்கு வந்துவிடுவேன். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் சுளவு இருக்கும். அவருக்கு நான் புத்தி ஒன்றும் சொல்ல மாட்டேன். என் வீரப்பிரதாபங்களைக்கூட, முடிந்தவரை, சொல்ல மாட்டேன். உள்ளி உரிப்பேன். இது உங்கள் மாவுச்சட்டி மேல் இருப்பவர் அறியச் சொல்வது.

காப்பி குடிக்க வேண்டிய ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கும்
உங்கள் கொழுந்தப்பிள்ளை,
செல்லையா